அமெரிக்கக் கல்லூரி நிதியுதவியும் படிப்பு முன்னேற்ற விதியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மே மாதக் கடைசியில் செமஸ்டர் முடிவுகள் வந்த சில நாட்களில், அமெரிக்கக் கல்லூரிகளின் நிதியுதவி அலுவலகங்களிலிருந்து மாணவர்கள் சிலருக்கு ஒரு மின்னஞ்சல் போகும். படிப்பில் போதிய முன்னேற்றம் இல்லாததால் அடுத்த தவணை உதவிப்பணம் கிடையாது என்பதுதான் அதன் சாரம். வகுப்புக்கே போகாத மாணவர்களுக்கு மட்டும் வரும் கடிதம் இது என்று பல பெற்றோர் நினைக்கிறார்கள். ஒழுங்காகப் படித்து, சுமாருக்கு மேலான மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளுக்கும் இது வருவதுண்டு. அது எப்படி நேர்கிறது, வந்தபின் என்ன செய்யலாம் என்பதைக் கீழே கேள்வி பதிலாகத் தந்திருக்கிறோம்.

இந்த விதியைப் போட்டது யார்? கல்லூரியா, அரசாங்கமா?

இருவருமே. 1965-ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டத்தின் நான்காம் பகுதியின் கீழ் வரும் கூட்டரசு நிதியுதவியைப் பெறும் மாணவர், பட்டத்தை நோக்கித் திருப்திகரமாக முன்னேறிக்கொண்டிருக்க வேண்டும் என்பது சட்டம். எதைத் திருப்திகரம் என்று சொல்லலாம் என்பதன் அடிப்படை வரம்புகளை அமெரிக்கக் கல்வித்துறை விதித்திருக்கிறது. இப்போது நடைமுறையில் உள்ள வடிவம் பெரும்பாலும் 2011 ஜூலை 1 முதல் இருந்துவருகிறது. அந்த வரம்புகளுக்குள் ஒவ்வொரு கல்லூரியும் தனக்கென ஒரு கொள்கையை எழுதி வெளியிட வேண்டும். ஆங்கிலத்தில் 'சாட்டிஸ்ஃபாக்டரி அகாடமிக் ப்ரோக்ரஸ்', சுருக்கமாக எஸ்.ஏ.பி. என்பார்கள். கல்லூரியின் இணையதளத்தில் இந்தப் பெயரில்தான் தேட வேண்டும்.

கல்லூரி கூட்டரசு வரம்பைவிடக் கடுமையாக இருக்கலாம். தளர்வாக இருக்க முடியாது. அதனால் அண்ணன் படித்த கல்லூரியில் செல்லுபடியான ஒன்று தங்கை படிக்கும் கல்லூரியில் செல்லாமல் போகலாம்.

எந்தெந்த உதவிகளுக்கு இது பொருந்தும்?

ஃபாஃப்சா விண்ணப்பத்தின் வழியாக வரும் கூட்டரசு உதவிகள் அனைத்துக்கும் பொருந்தும். 2025-26 கல்வியாண்டில் அதிகபட்சம் 7,395 டாலர் வரை தரப்படும் பெல் மானியம், மாணவர் பெயரிலான நேரடிக் கடன், வளாகத்தில் வேலை பார்த்துச் சம்பளமாகப் பெறும் வொர்க் ஸ்டடி எல்லாமே இதில் அடங்கும். பெற்றோர் தம் பெயரில் வாங்கும் பேரன்ட் பிளஸ் கடனும் இதில் சேர்த்திதான் என்பது பலருக்குத் தெரிவதில்லை. கடனைக் கட்டப்போவது அப்பாதான் என்றாலும், பிள்ளை இந்த விதியில் தவறினால் அப்பாவுக்கும் அந்தக் கடன் கிடைக்காது.

எஃப்-1, எச்-4 விசாவில் இருப்பவர்களுக்கும் இது பொருந்துமா?

கூட்டரசு உதவி அமெரிக்கக் குடிமக்களுக்கும், பச்சை அட்டை வைத்திருப்போருக்கும், அகதிகள் போன்ற வேறு சில வகையினருக்கும் மட்டுமே உண்டு. சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ எஃப்-1 விசாவில் வந்து படிப்பவர்களுக்கும், பெற்றோரின் எச்-1பி விசாவைச் சார்ந்து எச்-4 விசாவில் இங்கேயே வளர்ந்த பிள்ளைகளுக்கும் அந்த உதவி கிடையாது. ஆகவே இந்த விதியும் அவர்களைத் தொடாது. ஆனால் கல்லூரி தன் சொந்தப் பணத்திலிருந்து தரும் உதவித்தொகைகளுக்கும் பல கல்லூரிகள் இதே அளவுகோலையோ இதைவிடக் கடுமையான ஒன்றையோ வைத்திருக்கின்றன. உதவித்தொகை வழங்கியபோது வந்த கடிதத்தில் 'புதுப்பிப்பதற்கான நிபந்தனை' என்று எழுதியிருப்பதை ஒருமுறை எடுத்துப் படிப்பது நல்லது. எஃப்-1 மாணவர் முழுநேரப் படிப்பில் இருந்தாக வேண்டும் என்பது குடிவரவுச் சட்டத்தின் தனி நிபந்தனை. அதை இதனோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

எதை எதை அளக்கிறார்கள்?

மூன்றை அளக்கிறார்கள். முதலாவது ஜி.பி.ஏ., அதாவது நான்குக்குக் கணக்கிடப்படும் மதிப்பெண் சராசரி. இரண்டு கல்வியாண்டுகளுக்கு மேல் நீளும் படிப்புகளில், இரண்டாம் ஆண்டு முடிவில் மாணவர் 'சி' சராசரியோ, பட்டம் பெறுவதற்கு அந்தக் கல்லூரி கேட்கும் தரத்துக்கு இசைவான நிலையோ பெற்றிருக்க வேண்டும் என்பது கூட்டரசு விதி. பெரும்பாலான கல்லூரிகள் இளநிலைப் படிப்புக்கு 2.0 என்று வைத்திருக்கின்றன.

இரண்டாவது வேகம். சேர்ந்த நாள் முதல் இன்றுவரை பதிவு செய்த கிரெடிட்டுகளில் (ஒவ்வொரு பாடத்தின் எடையைக் குறிக்கும் அலகு) எத்தனையைத் தேறி முடித்திருக்கிறார் என்ற விகிதம் இது. மூன்றாவது காலவரம்பு. 120 கிரெடிட் கொண்ட இளநிலைப் பட்டத்தை, அதன் 150 விழுக்காடான 180 கிரெடிட் முயற்சிக்குள் முடித்துவிட வேண்டும். 60 கிரெடிட் கொண்ட இரண்டாண்டுப் படிப்புக்கு இந்த வரம்பு 90. முதுநிலைப் படிப்புக்கான வரம்பைக் கல்லூரியே வகுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள். 180-க்குள் 120 முடிய வேண்டுமென்றால், பதிவு செய்யும் ஒவ்வொரு மூன்று கிரெடிட்டிலும் இரண்டையாவது முடித்துக்கொண்டே வர வேண்டும். அந்த மூன்றில் இரண்டைத்தான் கல்லூரிகள் 67 விழுக்காடு என்று எழுதுகின்றன. துல்லியமாகச் சொன்னால் அது 66.67. உங்கள் கல்லூரி முழு எண்ணாக்கிக் கொள்கிறதா, 67.00-ஐ அப்படியே கேட்கிறதா என்பது விளிம்பில் நிற்கும் மாணவரின் ஓர் ஆண்டைத் தீர்மானிக்கக்கூடியது.

என் மகளின் ஜி.பி.ஏ. 2.64. பிறகு ஏன் இந்தக் கடிதம் வந்தது?

இந்தக் கேள்விக்கு ஓர் எடுத்துக்காட்டைக் கையில் வைத்துக்கொண்டு பதில் சொல்வதே எளிது.

ஒரு மாணவி முதல் செமஸ்டரில் 15 கிரெடிட் எடுக்கிறாள். ஆங்கிலம் மூன்று கிரெடிட், வரலாறு மூன்று, உயிரியல் நான்கு, மூன்றிலும் பி. புதுமுக மாணவர் கருத்தரங்கு ஒரு கிரெடிட், அதில் ஏ. நான்கு கிரெடிட் கால்குலஸில் மட்டும் எஃப். இரண்டாம் செமஸ்டரில் 14 கிரெடிட் பதிவு செய்கிறாள். கால்குலஸில் விழுந்த அடி நினைவில் இருப்பதால், மார்ச் மாதம் வேதியியல் கைமீறிப் போவதைப் பார்த்ததும் அந்த நான்கு கிரெடிட்டைக் கைவிடுகிறாள். கூடவே சுமையைக் குறைக்க மூன்று கிரெடிட் சமூகவியலையும் விடுகிறாள். இரண்டுக்கும் மதிப்பெண் பட்டியலில், பாதியில் விலகியதைக் குறிக்கும் டபிள்யூ விழுகிறது. மிச்சமுள்ள நான்கு கிரெடிட் கணினி அறிவியலில் பி, மூன்று கிரெடிட் பொருளாதாரத்தில் ஏ.

டபிள்யூ ஜி.பி.ஏ.வில் சேராது. கிரெடிட் ஒன்றுக்கு ஏ என்றால் 4, பி என்றால் 3, எஃப் என்றால் 0 என, மதிப்பெண் பெற்ற 22 கிரெடிட்டுக்கு 58 புள்ளிகள் என்ற கணக்கில் 2.64 வருகிறது. வீட்டில் யாரும் கவலைப்பட மாட்டார்கள். ஆனால் வேகக் கணக்கில் அந்த டபிள்யூக்கள் இரண்டும் முயற்சி என்ற பக்கத்தில் முழுமையாக உட்கார்ந்திருக்கின்றன. முயன்றது 29, முடித்தது 18. விகிதம் 62 விழுக்காடு. கடிதம் வந்ததற்கு இதுதான் காரணம்.

ஜி.பி.ஏ.வைக் காப்பாற்ற வகுப்பை விட்டுவிடு என்று நண்பர்களும், சில நேரம் படிப்பு ஆலோசகர்களும் சொல்வார்கள். அந்த அறிவுரை மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கப் போகிறவருக்குச் சரியாக இருக்கலாம். பெல் மானியத்தை நம்பிப் படிப்பவருக்கு அது பாதி உண்மைதான், ஏனென்றால் டபிள்யூவும் எஃப்பும் வேகக் கணக்கில் ஒரே எடைதான்.

இதே மாணவி சமூகவியலை மார்ச்சில் விடாமல், செமஸ்டர் தொடங்கிய முதல் வாரத்தில், அதாவது வகுப்புகளைச் சேர்க்கவும் நீக்கவும் கல்லூரி தரும் கெடுவுக்குள் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த மூன்று கிரெடிட் பதிவிலேயே இருந்திருக்காது. முயன்றது 26, முடித்தது 18, விகிதம் 69. கடிதமே வந்திருக்காது. 11 கிரெடிட் என்பது முழுநேரமான 12-க்கு ஒன்று குறைவு என்பதால், 2024-25 முதல் நடப்பில் உள்ள முறைப்படி அந்த செமஸ்டரின் பெல் மானியம் 92 விழுக்காடாகக் குறைந்திருக்கும். எட்டு விழுக்காட்டை இழந்து மொத்தத்தையும் காப்பாற்றியிருக்கலாம்.

டபிள்யூ, எஃப் தவிர மற்றவற்றை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

டி கிரேடு பொதுவாகத் தேறியதாகவே கணக்கு. வேகத்துக்கு உதவும், ஜி.பி.ஏ.வை இழுக்கும். தேறினாரா இல்லையா என்று மட்டும் பதியும் வகுப்பில் தேறினால் வேகத்தில் சேரும், ஜி.பி.ஏ.வில் சேராது. முடிக்காமல் நிலுவையில் வைத்த ஐ கிரேடு, பெரும்பாலான கல்லூரிகளில் முடியும்வரை முயன்றும் முடிக்காததாகவே நிற்கும். பின்னால் பேராசிரியர் மதிப்பெண் போட்டுவிட்டால், அதை நிதியுதவி அலுவலகத்துக்கு மாணவரே எழுதித் தெரிவிப்பது நல்லது. தானாகத் திருத்திக்கொள்வார்கள் என்று காத்திருந்து ஒரு தவணையை இழப்பவர்கள் உண்டு.

மறுபடி எடுக்கும் வகுப்புகளுக்கு இரண்டு தனி விதிகள் உள்ளன. தோற்ற வகுப்பைத் தேறும்வரை உதவிப்பணத்தோடு திரும்ப எடுக்கலாம். தேறிய வகுப்பை மதிப்பெண் உயர்த்துவதற்காக உதவிப்பணத்தோடு ஒரே ஒருமுறைதான் திரும்ப எடுக்க முடியும். புதிய மதிப்பெண் பழையதை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும், வேகக் கணக்கில் ஒவ்வொரு முயற்சியும் தனித்தனியாக எண்ணப்படும்.

வேறு கல்லூரியிலிருந்து வந்த கிரெடிட்டுகளில், இப்போதைய கல்லூரி பட்டத்துக்கென ஏற்றுக்கொண்டவை முயன்றதிலும் முடித்ததிலும் சேர்க்கப்படும். இது மாணவருக்குச் சாதகமான விதி. கடைசிக் கேள்விக்கான பதிலில் இதற்குத் திரும்ப வருவோம்.

உதவிப்பணம் வாங்காத செமஸ்டர்களும் இதில் சேருமா?

சேரும். சொந்தப் பணத்தில் படித்த செமஸ்டரும், கோடை வகுப்புகளும் கணக்கில் உண்டு. மோசமான ஒரு செமஸ்டரை ஜி.பி.ஏ.விலிருந்து நீக்கிப் புதிதாகத் தொடங்க அனுமதிக்கும் வழக்கம் சில கல்லூரிகளில் உண்டு. அந்த மன்னிப்பைக் கூட்டரசு நிதியுதவிக் கணக்கு ஏற்பதில்லை. பதிவாளர் அலுவலகத்தில் அழிந்துபோன மதிப்பெண் நிதியுதவி அலுவலகத்தில் உயிரோடு இருக்கும்.

எப்போது சரிபார்க்கிறார்கள்?

ஓராண்டு அல்லது அதற்குக் குறைந்த படிப்புகளில் ஒவ்வொரு உதவித் தவணையின் முடிவிலும் பார்க்க வேண்டும். நீண்ட படிப்புகளில், ஒவ்வொரு செமஸ்டரும் பார்ப்பதா ஆண்டுக்கு ஒருமுறை பார்ப்பதா என்பதைக் கல்லூரி முடிவு செய்துகொள்ளலாம். அடிக்கடி பார்க்கும் கல்லூரி கடுமையானது என்று தோன்றும். உண்மையில் அது மாணவருக்கு நல்லது. காரணத்தை அடுத்த பதிலில் பாருங்கள்.

எச்சரிக்கை, புரொபேஷன், தகுதி இழப்பு: இவற்றுக்குள் என்ன வேறுபாடு?

ஒவ்வொரு தவணையும் சரிபார்க்கும் கல்லூரிகள் மட்டுமே 'நிதியுதவி எச்சரிக்கை' என்ற நிலையைப் பயன்படுத்த அனுமதி பெற்றவை. அந்த நிலையில் வைக்கப்பட்ட மாணவர் விண்ணப்பம் ஏதும் தராமலேயே இன்னும் ஒரு தவணைக்கு உதவி பெறுவார். அந்தத் தவணைக்குள் அளவுகோலை எட்டிவிட வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை பார்க்கும் கல்லூரியில் இந்தப் படி இல்லை. தவறிய மாணவர் நேரடியாகத் தகுதி இழக்கிறார்.

தகுதி இழந்தவர் மேல்முறையீடு செய்து அது ஏற்கப்பட்டால் 'நிதியுதவி புரொபேஷன்' என்ற நிலையில் ஒரு தவணைக்கு உதவி கிடைக்கும். ஒரே தவணையில் அளவுகோலை எட்டுவது கணக்குப்படி முடியாத காரியம் என்றால், எத்தனை செமஸ்டரில் எப்படி எட்டுவார் என்று கல்லூரியும் மாணவரும் சேர்ந்து ஒரு படிப்புத் திட்டம் வகுப்பார்கள். அந்தத் திட்டத்தின்படி நடக்கும்வரை உதவி தொடரும்.

டீன் அலுவலகம் அனுப்பும் 'அகாடமிக் புரொபேஷன்' கடிதம் வேறு, இது வேறு. ஒன்றில் நல்ல நிலையில் இருந்துகொண்டே மற்றொன்றில் மாணவர் தவறியிருக்கலாம். ஒரே சொல்லை இரண்டு அலுவலகங்களும் புழங்குவதால் வரும் குழப்பத்துக்கு அளவே இல்லை.

மேல்முறையீடு செய்ய எந்தக் காரணங்கள் செல்லும்?

உறவினரின் மரணம், மாணவரின் நோய் அல்லது காயம், பிற சிறப்புச் சூழ்நிலைகள் என்று விதி சொல்கிறது. உறவினர் என்றால் தாய் தந்தை மட்டும் என்று விதியில் வரம்பு இல்லை. மதுரையில் தாத்தா இறந்து, செமஸ்டர் நடுவே மூன்று வாரம் ஊருக்குப் போய்வந்தது முறையான காரணம்தான். இறப்புச் சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பையும், விமானச் சீட்டின் நகலையும் சேர்த்து அனுப்பலாம். அப்பாவுக்கு வேலை போனது, வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது போன்றவற்றைப் பிற சிறப்புச் சூழ்நிலையாக எழுதலாம். ஏற்பது கல்லூரியின் முடிவு.

மனநலம் சார்ந்த காரணத்தை எழுத நம் குடும்பங்கள் தயங்குகின்றன. 'வயிற்றுக் கோளாறு' என்று மாற்றி எழுதிச் சான்று இல்லாமல் மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறோம். மனச்சோர்வும் நோய்தான். வளாக ஆலோசகரோ மருத்துவரோ தரும் ஒரு பக்கக் கடிதம் போதுமான சான்று.

பாடம் கடினமாக இருந்தது, பேராசிரியர் சரியில்லை, விதி தெரியாது ஆகிய மூன்றும் தனியாக நின்றால் செல்லாது.

கடிதத்தில் என்ன எழுத வேண்டும்?

கூட்டரசு விதியே இரண்டு கேள்விகளைக் கேட்கிறது: ஏன் தவறினீர்கள்? இப்போது என்ன மாறியிருக்கிறது? பெரும்பாலான கடிதங்கள் முதல் கேள்விக்கு இரண்டு பக்கம் எழுதி, இரண்டாவதை 'இனிமேல் கடுமையாக உழைப்பேன்' என்ற ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. அந்த வரியை, மேல்முறையீடுகளைப் பரிசீலிக்கும் குழுவில் இருப்பவர்கள் ஒரு நாளில் எத்தனை முறை படிப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆங்கிலத்தில்தான் எழுதப் போகிறார்கள் என்றாலும், உள்ளடக்கம் ஏறத்தாழ இப்படி இருக்க வேண்டும்: "அக்டோபர் 14 அன்று என் தந்தைக்கு மாரடைப்பு ஏற்பட்டது. அவர் மருத்துவமனையில் இருந்த பதினொரு நாளும், பிறகு டிசம்பர்வரை வார இறுதிகளிலும், எங்கள் கடையை நான் பார்த்துக்கொண்டேன். கால்குலஸின் இரண்டாம், மூன்றாம் தேர்வுகளை எழுத முடியவில்லை. மருத்துவமனையின் விடுவிப்புச் சுருக்கத்தை இணைத்துள்ளேன். ஜனவரி முதல் கடைக்கு ஓர் ஊழியரை அமர்த்தியிருக்கிறோம். வரும் செமஸ்டரில் 12 கிரெடிட் மட்டும் எடுக்கிறேன். வாரம் இருமுறை கணிதப் பயிற்சி மையத்தில் நேரம் பதிவு செய்துள்ளேன். என் ஆலோசகர் கையெழுத்திட்ட படிப்புத் திட்டம் இத்துடன் உள்ளது."

தேதி, நேர்ந்தது, எந்த வகுப்பு எப்படிப் பாதித்தது, சான்று, மாற்றம் ஆகிய அனைத்தும் இதில் இருக்கின்றன. ஒரு பக்கத்தைத் தாண்டத் தேவையில்லை. வேதனையை விரித்து எழுதும் இடம் இதுவல்ல. கடிதத்தை மாணவரே எழுத வேண்டும்; அப்பாவின் அலுவலக ஆங்கிலம் முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

ஒன்றுக்கு மேற்பட்ட செமஸ்டர்களில் சறுக்கியிருந்தால், ஒவ்வொன்றுக்கும் தனியாகக் காரணம் சொல்ல வேண்டும். இலையுதிர் செமஸ்டருக்குப் பொருந்தும் காரணத்தை வைத்து வசந்த செமஸ்டரையும் மூடிவிடப் பார்ப்பது விண்ணப்பம் நிராகரிக்கப்பட ஒரு பொதுவான காரணம்.

நிராகரித்துவிட்டால் கல்வித்துறைக்கு மேல்முறையீடு செய்யலாமா?

முடியாது. கல்லூரியின் முடிவே இறுதி முடிவு. சொல்லப்போனால், மேல்முறையீட்டு வழி வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் கல்லூரிக்கு இல்லை. எத்தனை முறை செய்யலாம் என்றும் அது வரம்பு வைத்துக்கொள்ளலாம். புதிய சான்று ஏதும் கிடைத்தால் மறுபடி பார்ப்பீர்களா என்று கேட்பதில் தவறில்லை. கேட்கும்போது மாணவர் நேரில் போய்க் கேட்பதே நல்லது.

ஒரு செமஸ்டர் படிக்காமல் இருந்துவிட்டுத் திரும்பினால் எல்லாம் சரியாகிவிடுமா?

ஆகாது. படிக்காத காலத்தில் கணக்கு அப்படியே உறைந்து நிற்கும். திரும்பி வரும்போது அதே விகிதம் அதே இடத்தில் இருக்கும். சொந்தப் பணத்தில் ஒரு செமஸ்டர் படித்தால் மட்டும் தகுதி தானாகத் திரும்பிவிடாது. படித்து, அளவுகோலை எட்டினால்தான் திரும்பும்.

கல்லூரியை மாற்றினால் புதிய கல்லூரி தன் கொள்கைப்படி, தான் ஏற்றுக்கொண்ட கிரெடிட்டுகளை வைத்துப் புதிதாகக் கணக்கிடும். அந்த அளவில் பழைய விகிதம் தொடர்வதில்லை. ஆனால் பெல் மானியத்துக்கு வாழ்நாள் வரம்பு, முழுநேரப் படிப்பென்றால் சுமார் பன்னிரண்டு செமஸ்டர்கள். ஏற்கெனவே செலவழித்தவை எந்தக் கல்லூரிக்குப் போனாலும் கூடவே வரும்.

மேஜரை, அதாவது முதன்மைப் பாடத்தை மாற்றினால் பாதிப்பு உண்டா?

ஜி.பி.ஏ.வும் வேகமும் நன்றாக இருக்கும் மாணவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். மூன்றாண்டு உயிரியல் படித்துவிட்டுக் கணினிக்கு மாறும் ஒருவர் 135 கிரெடிட் முயன்று 110 முடித்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வேகம் 81 விழுக்காடு. ஆனால் அந்த 110-இல் 70 மட்டும் புதிய பட்டத்துக்குப் பொருந்துகின்றன. இன்னும் 50 தேவை. 135-உடன் 50-ஐச் சேர்த்தால் 185, வரம்பு 180. எல்லையைத் தொடும்வரை அவர்கள் காத்திருக்க மாட்டார்கள். 180-க்குள் முடிப்பது கணக்குப்படி இயலாது என்று தெரியும் அன்றே தகுதி போய்விடும்.

மேஜர் மாறும்போது புதிய பட்டத்துக்குப் பொருந்தும் கிரெடிட்டுகளை மட்டும் எண்ணலாம் என்று கல்லூரி கொள்கை வைத்துக்கொள்ள விதி இடம் கொடுக்கிறது. உங்கள் கல்லூரி அப்படி வைத்திருக்கிறதா என்பதை மாற்றுவதற்கான படிவத்தில் கையெழுத்திடும் முன் கேட்க வேண்டும்.

செமஸ்டர் நடுவே எல்லா வகுப்புகளையும் விட்டால் பணத்தைத் திருப்பிக் கேட்பார்களாமே?

அது தனி விதி. செமஸ்டரின் 60 விழுக்காடு நாட்களைத் தாண்டும் முன் முழுவதுமாக விலகினால், இருந்த நாட்களுக்கு ஏற்ற பங்குதான் மாணவர் ஈட்டியது. மீதி திரும்பிப் போக வேண்டும். 30 விழுக்காட்டில் விலகினால் 70 விழுக்காடு ஈட்டாத பணம். கல்லூரி தன் பங்கைத் திருப்பிவிட்டு, அதை மாணவரின் கணக்கில் கட்டணப் பாக்கியாக எழுதிவிடுவது வழக்கம். இதற்கு மேல் அத்தனை டபிள்யூவும் வேகக் கணக்கில் விழும். ஒரே செயலுக்கு இரண்டு அடி.

மாநில உதவித்தொகைகளுக்கும் இதே அளவுகோல்தானா?

இல்லை. ஜார்ஜியாவின் ஹோப் உதவித்தொகை 3.0 ஜி.பி.ஏ. கேட்கும், 30, 60, 90 கிரெடிட் முயன்ற கட்டங்களில் அதைச் சரிபார்க்கும். டெக்சஸ் கிராண்ட் முதலாண்டுக்குப் பிறகு 2.5 ஜி.பி.ஏ.வும் 75 விழுக்காடு முடிப்பும் ஆண்டுக்கு 24 கிரெடிட்டும் கேட்கிறது. நியூயார்க்கின் டாப் உதவிக்குத் தனியாக ஓர் அட்டவணையே இருக்கிறது. கூட்டரசு அளவுகோலை எட்டிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்து மாநிலப் பணத்தை இழப்பது நடக்கிற காரியம்.

கடிதம் வந்தது எங்களுக்குத் தெரியவே இல்லை. பெற்றோருக்குச் சொல்ல மாட்டார்களா?

சொல்ல மாட்டார்கள். ஃபெர்பா என்னும் 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கல்லூரியில் சேர்ந்த மாணவரின் பதிவுகள்மீதான உரிமை மாணவருக்கே உரியது. வரிக் கணக்கில் பிள்ளையைச் சார்ந்தவராகக் காட்டும் பெற்றோருக்குக் கல்லூரி தகவல் தரலாம். தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மாணவர் ஒப்புதல் படிவம் கொடுத்திருந்தால் அலுவலகம் பெற்றோரிடம் பேசும். அறிவிப்பு கல்லூரி மின்னஞ்சலுக்குத்தான் போகும், அந்தப் பெட்டியைக் கோடை விடுமுறையில் திறந்து பார்க்கும் பதினெட்டு வயதுப் பிள்ளைகள் குறைவு. ஜூன் முதல் வாரத்தில் 'மெயில் பார்த்தாயா கண்ணா' என்று ஒருமுறை கேட்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

மேல்முறையீடும் தோற்றுவிட்டது. இனி என்ன வழி?

முதலில் எத்தனை கிரெடிட் குறைகிறது என்று கணக்குப் போடுங்கள். மேலே சொன்ன மாணவியையே எடுத்துக்கொள்வோம்: 29-க்கு 18. இலையுதிர் செமஸ்டரில் சொந்தப் பணத்தில் 12 கிரெடிட் எடுத்து எல்லாவற்றையும் முடித்தால் 41-க்கு 30, அதாவது 73 விழுக்காடு, தகுதி திரும்பிவிடும். அந்தப் பன்னிரண்டில் மூன்றை மறுபடி டபிள்யூவாக்கினால் 41-க்கு 27, 65.9 விழுக்காடு, செலவழித்ததுதான் மிச்சம். கட்டணத்தை மாதத் தவணையாகக் கட்டும் வசதி பல கல்லூரிகளில் உண்டு.

செலவு குறைந்த வழி ஒன்றும் இருக்கிறது. தோற்றுப்போன நான்கு கிரெடிட் கால்குலஸை, கோடையில் வீட்டுக்கு அருகிலுள்ள சமுதாயக் கல்லூரியில் எடுக்கலாம். அதைத் தன் கல்லூரி ஏற்றுக்கொள்ளும் என்று முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொண்டு, தேறி, மதிப்பெண் பட்டியலை அனுப்பச் செய்தால், அந்த நான்கும் முயன்றதிலும் முடித்ததிலும் சேரும். 33-க்கு 22. சரியாக மூன்றில் இரண்டு. கல்லூரி 67.00-ஐ அப்படியே கேட்பதாக இருந்தால் கூடவே ஒரு கிரெடிட் வகுப்பு எதையாவது எடுத்து முடிக்க வேண்டும்; 34-க்கு 23 என்றால் 67.6. ஆகஸ்ட்டில் மதிப்பெண் பட்டியல் வந்து சேர்ந்த அன்றே, மறுகணக்கீடு செய்யும்படி நிதியுதவி அலுவலகத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும். இலையுதிர் செமஸ்டரின் கட்டணக் கெடு அநேகமாக அதே மாதத்தில்தான் வரும்.